சித்தியும் அவியளும்

அறுபதைத் தொட்டவர்களுக்கு மட்டும்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு டிரங்க் கால் என்றால் என்ன, அது வரும் என்று ஏன் குளிக்காமல்கூடக் காத்திருந்தோம் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

நம் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு கோடைக்கும் யாராவது ஒருத்தி அந்தப் படத்தைப் போட்டுவிடுகிறாள். ஈர மணலில் ஆமைக் குஞ்சுகள் கடலைப் பார்த்து நகர்ந்துகொண்டிருக்கும். உடனே நீங்கள் எல்லோரும் வரிசையாகச் சிவப்பு இதயம் போடுகிறீர்கள். நான் போடுவதில்லை. எனக்குக் கல்நெஞ்சு என்று நினைத்திருப்பீர்கள், நினைத்துக்கொள்ளுங்கள். உங்களில் யாரும் ஆமையிடம் தோற்றதில்லை. நான் தோற்றிருக்கிறேன்.

சித்தி என்றால் என் அம்மாவின் தங்கை. அம்மாவைப் பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால், அம்மா கல்யாணமாகிக் கோயமுத்தூரில் கணபதிக்கு வந்தபோது சித்தியும் கூடவே வந்துவிட்டாள். முன்பக்கம் அப்பாவின் லேத் பட்டறை, பின்பக்கம் வீடு. பட்டறை ஆட்களுக்குச் சமைத்துப் போடவே அம்மாவுக்கு நேரம் போதாது. என்னை வளர்த்தது சித்திதான். ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு எனக்குத் தலை பின்னிவிடுவாள். இரவில் அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவேன். அவள் மேல் முகப்பவுடர் மணமும், பட்டறையிலிருந்து வீடு முழுக்கப் பரவியிருக்கும் கட்டிங் ஆயில் வாடையும் கலந்து அடிக்கும். இன்றைக்கும் ஏதாவது ஒரு பட்டறையைக் கடக்கும்போது எனக்குத் தூக்கம் வருகிறது.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் எல்லோரையும் கண்ணு என்பார்கள். பஸ் கண்டக்டர் சொல்வார், காய்க்காரம்மா சொல்வார். ஆனால் சித்தி சொல்லும் கண்ணு எனக்கு மட்டும் உரியது என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். யாரையும் கேட்டு முடிவு செய்யவில்லை.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது சித்தி டைப் பரீட்சையெல்லாம் தேறி, மெட்ராஸில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலைக்குப் போனாள். ரயில் கிளம்பும்போது அவள் அழவில்லை. கையை ஆட்டிச் சிரித்தாள். நான்தான் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதேன். அப்பா தன் தோள் துண்டால் என் மூக்கைத் துடைத்துவிட்டார்.

அடுத்த பொங்கலுக்கு அவள் ஊருக்கு வந்தபோது, அவளைப் பெண் பார்க்க அவிநாசியிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. நூல் வியாபாரம், சொந்த வீடு, தோட்டம் என்று அம்மாவுக்கு எல்லாமே பிடித்துப்போயிருந்தது. அன்றைக்குக் காலையில் சித்தி வாயைத் திறந்ததும் முதலில் சொன்னது, “அக்கா, எங்க பீச்சுல ஆமைக வந்து முட்டை வெக்குதுக்கா” என்பதுதான். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“நல்ல காரியம் பேசற ஊட்டுல அந்தப் பேரையா எடுக்கற? இனி இந்த ஊட்டுல ஒருத்தரும் அந்தப் பேரச் சொல்லக் கூடாது, சொல்லிப்போட்டேன். ஏ பாப்பா, உனக்குந்தான்.”

சித்தி சீப்பை எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். எனக்குத் தலை பின்னும்போது காதுக்குள் குனிந்து சொன்னாள். “உங்கம்மா என்னைக்காவது உங்கப்பா பேரச் சொல்லிக் கேட்டிருக்கியா கண்ணு? அவிய வந்தாங்க, அவிய சாப்பிட்டாங்கன்னுதான சொல்லுவா. நாமளும் இனி அப்படியே சொல்லிக்கலாம். அவிய வந்தாங்க, அவிய முட்டை வெச்சாங்க.”

நானும் அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அன்றிலிருந்து ஆமைக்கு எங்கள் இருவருக்குள் அவிய என்று பெயர், சில நேரம் அவியள் என்றும். அவிய எப்படி நடப்பாங்க, அவிய முட்டையை நாய்கள் தோண்டித் தின்பது எப்படி, மனுசர்களும் தோண்டி விற்பது எப்படி, அதைக் காப்பாற்ற அவளும் சில காலேஜ் பிள்ளைகளும் ராத்திரியெல்லாம் கரையோரம் நடந்து முட்டைகளை எடுத்து வேலி போட்ட இடத்தில் புதைத்துக் காவல் காப்பது எப்படி, எல்லாவற்றையும் போர்வைக்குள் என்னிடம் மட்டும் சொன்னாள். அப்போது எனக்கு அந்த ஆமைகள் மேல் ஒரு கோபமும் இல்லை. ஒரு ரகசியத்தில் பாதி என் கையில் இருந்தது, அது போதும்.

அவிநாசிக்காரர் வந்தார். பஜ்ஜி சாப்பிட்டார். சித்தியைப் பார்த்தார். போகும்போது என் கன்னத்தைக் கிள்ளி, “இனி உங்க சித்தி எங்க ஊட்டுல இருப்பாங்க அம்மணி. லீவு உட்டா நீயும் ரெண்டு நாளைக்கு வந்து இருந்துட்டுப் போலாம்” என்றார். என் சித்தியை எனக்கே லீவுக்குத் தருகிறாராம். அவர் கொடுத்த சாக்லேட்டைப் பட்டறையின் இரும்புத் தூள் குவியலில் புதைத்தேன்.

சித்தி பிடித்திருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “யோசிச்சுச் சொல்றேனுங்க மாமா” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டாள். மாதங்கள் போயின. அவிநாசியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். முழுப்பரீட்சை லீவு விட்டதும் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். என்னை மெட்ராஸுக்கு அனுப்புவது. புள்ளையைப் பார்த்தால் சித்திக்கு வீட்டு நினைப்பு வந்துவிடும் என்பது அவள் திட்டம். “லீவு முடியறப்ப சித்தியக் கையோட கூட்டிட்டு வந்துரோணும். நீ அழுதா அவ தாங்கமாட்டா” என்று சொல்லித்தான் வண்டியேற்றினாள். கொண்டுபோய் விட்ட அப்பா அன்றைக்கே திரும்பிவிட்டார்.

நான் அழத் தயாராகத்தான் போனேன். சித்தி திரும்ப வேண்டும், என் பக்கத்தில் படுக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு உலகத்தில் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் அழுவதற்கு அவள் வீட்டில் இருக்க வேண்டுமே.

காலையில் வேலிக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆபீஸ் போவாள். சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேராகக் கடற்கரைக்கு வருவாள். சனிக்கிழமையானால் ராத்திரி நடை. அதற்கு என்னைக் கூட்டிப்போக மாட்டாள், அவளுக்கு அறை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்கார அம்மாவிடம் விட்டுவிட்டுப் போவாள். விடிந்த பிறகு முழங்கால் வரை மணலோடு வந்து மத்தியானம் வரைக்கும் தூங்குவாள். நான் பக்கத்தில் படுத்து முகர்ந்து பார்ப்பேன். பவுடரும் இல்லை, கட்டிங் ஆயிலும் இல்லை. உப்பும் பாசியும் கலந்த ஏதோ ஒரு வாடை. சுண்டுவிரலைப் பிடித்தால் நகத்துக்கடியில் மணல் நறநறத்தது.

அந்த வேலி பெரிதாக ஒன்றுமில்லை. சவுக்குக் கட்டைகள் நட்டு, பழைய மீன்வலையைச் சுற்றியிருந்தார்கள். உள்ளே முட்டை புதைத்த இடங்களில் எல்லாம் மூங்கில் கூடைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள், நம் ஊரில் கோழிக்குஞ்சுகளை மூடி வைப்பதைப் போல. மணலுக்கடியிலிருந்து மேலே வரும் குஞ்சுகள் அந்தக் கூடைக்குள் நிற்கும். வெயில் தாழ்ந்ததும் எடுத்துக் கொண்டுபோய் ஈர மணலில் விடுவார்கள். கையில் எடுத்துக் கடலிலேயே போட்டால் என்ன என்று கேட்டேன். அவியளாக நடந்து போக வேண்டும் என்றாள் சித்தி. எதற்கு என்று கேட்டேன். பதில் சொல்வதற்குள் குப்பத்துப் பெண் கூப்பிட்டுவிட்டாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடற்கரைக் குப்பத்தில் மீன் விற்கும் அம்மாவின் மகள். என் வயதுதான், என்னைவிட அரை அடி உயரம். சித்தியை அக்கா என்பாள். குஞ்சுகள் தெரு விளக்கைப் பார்த்துச் சாலைப் பக்கம் போய்விடாமல் இருக்க, ஒருவர் தண்ணீருக்குள் நின்று டார்ச் அடித்துக் கூப்பிட வேண்டும். அந்த டார்ச் அவள் கையில்தான் இருக்கும். என்னிடம் சித்தி ஒரு வேப்பங்குச்சியைக் கொடுத்து, காக்கா வந்தால் விரட்டச் சொன்னாள். கேட்டீர்களா, காக்கா விரட்ட.

அவளுக்கு என் பேச்சு பெரிய வேடிக்கை. “இன்னாடி, எதுக்கெடுத்தாலும் ங்க போட்டுக்கினு. நாய்கிட்டகூட போங்கன்றே” என்பாள். நான் முறைப்பேன். முறைப்பதற்கு ங்க தேவையில்லை.

ஒருநாள் காலையில் பெரிய ஆமை ஒன்று செத்துக் கரை ஒதுங்கியிருந்தது. வலையில் மாட்டி மூச்சடைத்திருக்க வேண்டும் என்றார்கள். கல்யாணச் சமையல் அண்டாவைக் கவிழ்த்தது போல் கிடந்தது. சித்தி அதன் பக்கத்தில் மண்டியிட்டு அழுதாள். சத்தமில்லாமல், தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். நான் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டு நின்றேன். ரயில் கிளம்பியபோது எனக்காக அழாத தோள் அது. செத்த ஆமை மேல் பொறாமைப்பட்ட ஆள் உங்களில் யாராவது உண்டா? நான் பட்டேன்.

அதே வாரத்தில் ஒரு சாயங்காலம். கடற்கரையில் கூட்டம். சுண்டல், பலூன் சுடுகிறவர்கள், குதிரைச் சவாரி எல்லாம் இருந்தன. குஞ்சுகளை விட்டுக்கொண்டிருந்தபோது, குடும்பத்தோடு வந்த ஒரு மனிதர் இரண்டைப் பிடித்து டிபன் பாக்ஸுக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். வீட்டு மீன்தொட்டியில் விடப் போகிறாராம். சித்தி ஓடிப்போய்க் கைகூப்பினாள்.

“ஏனுங்க, அதுகள வெச்சுடுங்க. தொட்டியில பொழைக்காதுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க.”

அவர் சித்தியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “கோயமுத்தூரா நீங்க? பேசுறதே பாட்டு மாதிரி இருக்கே” என்று சிரித்து, மூடியை அழுத்தி மூடினார். அப்போது தண்ணீரிலிருந்து குப்பத்துப் பெண் வந்தாள். டார்ச்சை அவர் முகத்துக்கு நேரே அடித்தாள். அவள் பேசியதை நான் இங்கே எழுத முடியாது. அவருடைய அப்பா, தாத்தா எல்லோரும் அதில் வந்தார்கள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவர் டிபன் பாக்ஸைத் திறந்து மணலில் கவிழ்த்துவிட்டு, மனைவியை இழுத்துக்கொண்டு போனார்.

சித்தி அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்தாள். “என்ற கண்ணு” என்றாள். என் காதால் கேட்டேன்.

அந்த வாரம் சனிக்கிழமை ராத்திரி வழக்கம்போல் என்னை விட்டுவிட்டு நடைக்குப் போனாள். ஞாயிறு விடிந்து சித்தி வந்து படுத்த கொஞ்ச நேரத்தில் வாசலிலிருந்து ஒரு குரல். “அக்கா, வேலிக்குள்ள அவியல் வந்துகீதுக்கா, கூடை நெறைய அவியல்.” எங்கள் வார்த்தையை, என் பாதி ரகசியத்தை, சித்தி அவளுக்கும் கொடுத்திருந்தாள். அவள் அதைச் சாப்பிடுகிற அவியலாக ஆக்கிவைத்திருந்தாள். தூக்கக் கலக்கத்திலும் சித்தி எழுந்து உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்படிச் சிரித்து நான் அந்த லீவில் பார்க்கவே இல்லை. சிரித்துவிட்டு மறுபடி படுத்துத் தூங்கிப்போனாள்.

வீட்டுக்கார அம்மாவின் ஹாலில் டிரங்க் கால் வந்தது அப்போதுதான். பட்டறைப் போனிலிருந்து அம்மா பேசினாள். ஞாயிற்றுக்கிழமையிலும் பக்கத்தில் லேத் ஓடும் சத்தம் கேட்டது.

“சித்தி எங்க கண்ணு?”

“தூங்குதுங்கம்மா.”

“இந்நேரத்துக்கா? ஒடம்பு கிடம்பு செரியில்லையா?”

“இல்லீங்கம்மா. ராத்திரி பூராவும் அவியகூட இருந்துபோட்டு இப்பத்தான் வந்துச்சுங்க.”

அம்மா யாரையோ லேத்தை நிறுத்தச் சொன்னாள். பிறகு அம்மா, “எவியகூட?” என்றாள்.

பெயரைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டதே அவள்தான். அதனால் அவளுக்குப் புரியும் என்று நினைத்தேன். “அவியதானுங்கம்மா. இருட்டுனாத்தான் பீச்சுக்கு வருவாங்களாமா. வெளிச்சத்தப் பாத்தா திரும்பிப் போயிருவாங்களாமா.”

“நீ பாத்தியா?”

“என்னையக் கூட்டிட்டே போறதில்லீங்க. சின்னப் புள்ளைக வரக் கூடாதுங்குது.” சொல்லச் சொல்ல எனக்கு அழுகை பொங்கியது. மனசில் இருந்ததை எல்லாம் கொட்டினேன். “சித்தி நம்மளையெல்லாம் மறந்துபோட்டுதுங்கம்மா. அவியளே கதின்னு கெடக்குதுங்க. அன்னைக்கு அவியளுக்காகத் தேம்பித் தேம்பி அழுதுச்சுங்க.”

போன் கட்டானது. நேரம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை ரயிலில் அப்பாவும் அம்மாவும் வந்து இறங்கினார்கள். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. நம் ஆட்களின் மரியாதை எங்கே கொண்டுபோய் விடும் பாருங்கள். வந்த காரியத்தை இருவரும் கேட்கவே இல்லை. காப்பி குடித்தார்கள். மழை உண்டுங்களா என்று கேட்டார்கள். வீட்டுக்கார அம்மாவிடம் பருப்பு விலை விசாரித்தார்கள். சித்தி ஆபீஸ் போன பிறகு அப்பா கட்டிலுக்கடியில் குனிந்து, ஆம்பளைச் செருப்பு ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்ததை மட்டும் நான் பார்த்தேன். எதைத் தேடுகிறார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. வந்தவர்கள் தன்னைக் கல்யாணத்துக்கு அழைத்துப்போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று சித்தியும் நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும், அம்மா சங்கடப்படக் கூடாதே என்று பெயரைச் சொல்லாமல் அவளே சொன்னாள். “வாங்க மாமா, வாக்கா. வந்ததுதான் வந்தீங்க, அவியளப் பாத்துப்போட்டே போங்க.”

அம்மாவின் முகம் வெளுத்தது. அப்பா எழுந்து, கழற்றி மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டு, கழுத்துப் பட்டன் வரைக்கும் மாட்டிக்கொண்டார். சம்பந்தம் பேசப் போகிற மாதிரியும் சண்டைக்குப் போகிற மாதிரியும் இருந்தது அவர் நடை. அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

வேலிக்குள் போனதும் சித்தி ஒரு கூடையைத் தூக்கினாள். உள்ளே கருகருவென்று ஒன்றன் மேல் ஒன்றாகக் குஞ்சுகள்.

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். “செரி… அவிய எங்கம்மா?”

“இவியதானுங்க மாமா.”

அப்பாவுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். கழுத்துப் பட்டனைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவளுக்கு நிம்மதி முதலில் வந்தது, அதன் பின்னாலேயே கோபம் வந்தது. “இந்தச் சனியனுக்காகவா நல்ல எடத்தக் காக்கவெச்சுட்டிருக்க? கெளம்பு. வெள்ளிக்கிழம அவிய வாராங்க, அவிநாசிக்காரங்க, வெத்தல பாக்கு மாத்த.”

“நான் வரலீங்கக்கா.”

“எங்களுக்காக வேண்டாம். இந்தப் புள்ள உன்னைய நெனச்சு ஏங்கி ஏங்கி எளைச்சுப் போச்சு. அதுக்காகவாவது வா.”

சித்தி என்னைப் பார்த்தாள். அந்த லீவில் அன்றைக்குத்தான் என்னை முழுசாகப் பார்த்தாள் என்று தோன்றியது. பிறகு அப்பாவிடம் சொன்னாள். “மாமா, வேற ஆரு சொன்னாலும் நான் கேக்கமாட்டனுங்க. பாப்பா வான்னு சொன்னா இன்னைக்கு ராத்திரியே வாரனுங்க. வேண்டாம்னா உட்டுருங்க.”

அப்பா உடனே, “செரி, புள்ள சொல்றதுதான் முடிவு. கேளு” என்றார். அவர் பட்டறைக்காரர். ஒரு அளவு சொன்னால் பிறகு மாற்றமாட்டார். நான் என்ன சொல்வேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

நான் வாயைத் திறந்தேன். வா என்று சொல்லத்தான் திறந்தேன். வந்தால்? வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கு. அப்புறம் அவிநாசி. அந்த மனிதர் வீட்டில் சித்தி இருப்பாள், எனக்கு லீவுக்கு இரண்டு நாள். அவள் என் அம்மாவைப் போல அவிய வந்தாங்க, அவிய சாப்பிட்டாங்க என்று அவரைச் சொல்லிக்கொண்டிருப்பாள். சித்தியின் காலடியில் இருந்த குஞ்சுகளைப் பார்த்தேன். இவை இன்னும் கொஞ்ச நேரத்தில் கடலுக்குள் போய்விடும். போனால் போனதுதான். குப்பத்துப் பெண் பெரியவளானால் கல்யாணம் பண்ணிக்கொண்டு எங்காவது போவாள். அவிநாசிக்காரர்தான் போகமாட்டார்.

“வேண்டாங்கப்பா. சித்தி இங்கயே இருக்கட்டும்” என்றேன்.

அம்மா அழுதாள். சித்தி என் கையை விரித்து ஒரு குஞ்சை வைத்தாள். அது துடுப்புக் கால்களால் என் உள்ளங்கையைச் சுரண்டியது. கொண்டுபோய் ஈர மணலில் விட்டேன். சீக்கிரம் போய்த் தொலை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்பா சொன்ன சொல்லை மாற்றவில்லை. அவிநாசிக்காரருக்குக் கருமத்தம்பட்டியில் வேறு பெண் அமைந்தது. சித்தி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. வேலை, கடற்கரை, அவ்வளவுதான் அவள் வாழ்க்கை, அதில் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். சொந்தபந்தத்தில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். அந்த வயசிலேயே அந்தப் புள்ளைக்கு என்ன மனசு பாருங்க என்பார்கள். என் கல்யாணத்தில் சித்தியே மைக்கில் சொல்லாத குறையாகச் சொன்னாள், என்னைய வாழவெச்சது இந்தப் பாப்பாதான் என்று. மனசாவது ஒன்றாவது. அது சுத்தமான பொறாமை. பொறாமையும் சில சமயம் புண்ணியத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும், யார் கேட்கிறார்கள்.

இப்போது சித்திக்கு எழுபதுக்கு மேல் ஆகிறது. கால் வீங்குகிறது, நடக்க முடிவதில்லை. ஆனாலும் சாயங்காலமானால் வேலிக்குப் பக்கத்தில் யாராவது அவளுக்கு ஒரு நாற்காலி போட்டுவிடுகிறார்கள். என் பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டுக்காரரும் போய்விட்டார். கணபதி வீட்டில் நான் ஒருத்திதான். வந்து என்னோடு இருங்கள் என்று ஒவ்வொரு வருடமும் கூப்பிடுகிறேன். போன வாரமும் கூப்பிட்டேன்.

“சீசன் முடியட்டும் கண்ணு, வாரேன்” என்றாள், வழக்கம்போல. பிறகு குரலில் ஒரு சிறுபிள்ளைச் சந்தோஷத்தோடு சொன்னாள். “இந்த வருசம் ஒண்ணு கரையேறுச்சாமா, நெம்பப் பெருசு. அன்னைக்கு உன்ற கையால உட்டயல்ல, அதாத்தான் இருக்கும்னு எனக்குத் தோணுது. கடலுக்குள்ள எங்க போனாலும், பொறந்த கரையத் தேடித்தான் கண்ணு முட்டை வெக்க வருவாங்க.”

கடலுக்குள் போனால் போனதுதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பத்து வயதில் நானாகப் போட்ட கணக்கு அது. அவிநாசிக்காரர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. இவர்கள் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார்கள்.